இல்லம் கட்டுவிப்போர் கடமை

ஒரு மனிதன் தன் வாழ்நாளில் பெரும்பாலும் ஒருமுறையே வீடு கட்டுகிறான். துணி வாங்குவதில் ஏமாந்தவன் அடுத்த ஆண்டில் அதைத் திருத்திக்கொள்ளலாம். வீடு கட்டுவதில் ஏமாந்தவனுக்கு அடுத்த முறை என்பது இல்லை. ஆகையால்தான் நம் அன்பர்கள் வீடு கட்ட நினைத்தவுடனே, "வேலையை யாரிடம் ஒப்படைப்பது? குறைந்த தொகைக்கு முடிப்பவர் யார்? சொன்ன தவணையில் சாவியைக் கையில் தருபவர் யார்?" என்று விசாரிக்கத் தொடங்குகின்றனர். இவை கேட்கவேண்டிய கேள்விகளே. ஆயினும் பஞ்சசீலம் ஏற்றவர் இவற்றோடு இன்னொரு கேள்வியையும் கேட்டாக வேண்டும். நம் பெயரால், நம் பணத்தால், நம் கண்ணுக்கு மறைவாக நடைபெறும் வினைகளுக்குப் பொறுப்பாளி யார்? அக்கேள்வியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒரு தடையை நீக்கிக்கொள்வோம். பகவான் புத்தர் ஞானம் பெற்ற வேளையில், பிறவியாகிய வீட்டைத் திரும்பத் திரும்பக் கட்டும் கொத்தன் ஆசையே என்று கண்டறிந்தார் எனத் தம்மபதம் கூறும். அவ்வாறிருக்க, வீடு கட்டுவதைப் பற்றிப் பௌத்தப் பத்திரிகையில் எழுதுவது தகுமா என்று சிலர் வினவலாம். தகும். பகவான் இல்லறத்தாரைக் காட்டுக்குப் போகச் சொல்லவில்லை. அநாதபிண்டிகருக்கு அவர் இல்லறத்தானின் நான்கு சுகங்களை உரைத்தார். அவை நேர்வழியில் ஈட்டிய பொருளை உடைமை, அப்பொருளைத் துய்த்து அறம் செய்தல், கடனின்மை, குற்றமின்மை என்பன. இந்நான்கனுள் முன்னைய மூன்றும் சேர்ந்தாலும் நான்காவதற்கு ஈடாகா என்பதும் அவர் வாக்கே. வீடு என்பது இந்நான்கு சுகங்களையும் ஒருங்கே சோதிக்கும் இடம்.

மேலும், வீடு என்பது நம்மவர்க்கு வெறும் ஆடம்பரம் அன்று. ஊருக்கு வெளியே சேரியில் வைக்கப்பட்டவர்களின் வழிவந்தோர் நாம். மண் சுவரும் ஓலைக் கூரையும் அன்றி வேறு கட்டலாகாது என்று தடுக்கப்பட்ட ஊர்கள் இருந்தன. 1898-இல் அயோத்திதாசப் பண்டிதர் கொழும்பு சென்று பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பிய நாள்முதல், நம் இயக்கத்தில் கல்வியும் கௌரவமான குடியிருப்பும் ஒருங்கே பேசப்பட்டு வந்துள்ளன. டாக்டர் அம்பேத்கர் 1930-களின் தொடக்கத்தில் பம்பாய்த் தாதரில் தமக்கென ஓர் இல்லம் எழுப்பினார். தம் நூல்களுக்கு இடம் வேண்டும் என்பது அவர் நோக்கங்களுள் முதன்மையானது. அதற்கு அவர் இட்ட பெயர் ராஜகிருகம். மகத நாட்டின் பழைய தலைநகரின் பெயர் அது. அவர் தீட்சை பெற்றது 1956-இல். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே அவருடைய வீட்டின் நெற்றியில் பௌத்தம் எழுதப்பட்டிருந்தது.

அந்த ராஜகிருக நகரத்திலேயே நடந்ததாக விநய பிடகம் சொல்லும் ஒரு வரலாறு நம் பொருளுக்கு மிக நெருங்கியது. தனியர் என்னும் பிக்கு குயவர் குலத்தில் பிறந்தவர். மலைச் சாரலில் அவர் புல்லால் கட்டிய குடிசையை, அவர் பிட்சைக்குச் சென்ற வேளையில், புல்லும் விறகும் பொறுக்குவோர் மும்முறை பிரித்துக் கொண்டு போயினர். தம் குலத்தொழிலை நன்கறிந்த அவர், களிமண்ணால் ஒரு குடில் வனைந்து, அதை முழுவதும் சுட்டு, செந்நிறமாக அழகுபெறச் செய்தார். பகவான் அதைக் கண்டு மகிழவில்லை. மண்ணில் வாழும் சிற்றுயிர்கள் எத்தனை மாண்டிருக்கும் என்று இரங்கி, அதை உடைக்கச் செய்தார். பின்னர் தனியர் மரவீடு கட்ட விரும்பி, அரண்மனை மரக்கிடங்கின் காவலனிடம் சென்று, "அரசர் எனக்கு மரம் தந்துவிட்டார்" என்றார். நகரைப் பழுதுபார்க்கவும் ஆபத்துக் காலத்துக்கு உதவவும் சேமித்த மரம் அது. அரசர் பிம்பிசாரர் தனியரை மன்னித்து அனுப்பினார். ஊரார் இகழ்ந்தனர். அதன் பின்னரே களவைப் பற்றிய பாராசிக விதி வகுக்கப்பட்டது. கொல்லாமையும் கள்ளாமையும் பொய்யாமையும் ஒரே வீட்டு வேலையில் சோதனைக்கு உள்ளான கதை இது. வீடு வேண்டும் என்ற ஆசை, நல்லவரையும் எவ்வளவு எளிதில் வழுக்கச் செய்கிறது என்பதை இது காட்டுகிறது.

இனிக் கரோல் பாக்கை நோக்குவோம். அப்பகுதியின் பிறப்பே ஒரு பெரிய கட்டட வேலையோடு தொடர்புடையது. 1920-களில் புது டில்லியில் கன்னாட் பிளேஸ் எழுப்புவதற்காக மாதோகஞ்சு, ஜெயசிங்கபுரா, ராஜா கா பஜார் என்னும் ஊர்களின் மக்கள் அப்புறப்படுத்தப்பட்டனர். பாறையும் புதரும் நிறைந்த மேட்டு நிலமாகிய கரோல் பாக்கில் அவர்கள் குடியேற்றப்பட்டனர். தோல் தொழில் செய்த ரேகர் மக்களின் பெயரை இன்றும் தாங்கி நிற்கும் ரேகர்புரா அங்கேதான் உள்ளது. புது டில்லியைக் கட்டிய பெரிய காண்டிராக்டர்களின் பெயர்களை வரலாறு நினைவில் வைத்திருக்கிறது. ராஜஸ்தானத்திலிருந்து வந்து கல் சுமந்த ஆண் பெண்களின் பெயர்களை எவரும் எழுதி வைக்கவில்லை. 1947-க்குப் பின் மேற்குப் பஞ்சாபிலிருந்து அகதிகள் வந்து சேர்ந்தனர். மத்திய அரசு அலுவலகங்களில் வேலை பெற்று வந்த தமிழர் பலர் அதற்கு முன்னும் பின்னும் அங்கே குடியமர்ந்தனர்.

இப்பொழுது அங்குள்ள பழைய வீடுகள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு வருகின்றன. பணம் உள்ளவர் டேகேதார் எனப்படும் ஒப்பந்தக்காரரைக் கூலிக்கோ மொத்தத் தொகைக்கோ அமர்த்துகின்றனர். பணம் இல்லாதவர் பில்டர் ஒருவரோடு கூட்டு உடன்பாடு செய்துகொள்கின்றனர். நிலம் உடையவருடையது, செலவு பில்டருடையது. கீழே வண்டி நிறுத்தும் தூண்தளமும் மேலே நான்கு மாடிகளும் எழுப்பி, ஒரு மாடியையோ அதற்கு மேலோ பில்டர் தமக்கு எடுத்துக்கொள்வார். இம்முறையில் உடையவர் கைப்பணம் செலவழிவதில்லை என்பது உண்மை. ஆனால் தாம் விற்கப்போகும் மாடியின் தோற்றத்தில் பில்டருக்கு இருக்கும் அக்கறை, அஸ்திவாரத்தின் ஆழத்திலும் அவருக்கு இருக்குமா என்பதை யோசிக்க வேண்டும்.

யோசியாமல் விட்டதன் விளைவுகள் அந்நகரத்தில் பல முறை காணப்பட்டுள்ளன. 2010 நவம்பர் 15 இரவு, கிழக்கு டில்லி லட்சுமி நகரின் லலிதா பார்க்கில் பல மாடிக் கட்டடம் ஒன்று சரிந்து, அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிழைப்புத் தேடி வந்து அங்கே வாடகைக்கு இருந்த ஏழைத் தொழிலாளர் குடும்பங்களே பெரும்பாலோர். 2019 பிப்ரவரி 12 அன்று கரோல் பாக்கின் ஓர் ஓட்டலில் தீப்பற்றி 17 பேர் உயிரிழந்தனர். 2024 செப்டம்பர் 18 காலை, அதே கரோல் பாக்கின் பாபா நகரில் ஒரு வீடு இடிந்து நால்வர் இறந்தனர். டில்லியோ நில அதிர்ச்சி அபாயம் மிகுந்த நகரம். 2016-ஆம் ஆண்டின் இந்தியத் தர நூல் அதை நான்காம் மண்டலத்தில் வைத்தது. ஆகவே அங்கே வீடு கட்டுவோரைத் தேர்வது உயிர்ப் பிரச்சினையாகும்.

ஒரு வீட்டில் நம் கண்ணுக்குத் தெரிவது எவ்வளவு? தரைக் கல், கதவு, வண்ணம், குழாய், விளக்கு இவ்வளவே. வீட்டைத் தாங்குபவை அனைத்தும் மறைந்திருப்பவை. அஸ்திவாரம் மண்ணுக்குள் மறைகிறது. கம்பி கான்கிரீட்டுக்குள் மறைகிறது. செங்கல் பூச்சுக்குள் மறைகிறது. தூணின் கம்பிக்கு மேல் 40 மில்லிமீட்டர் கான்கிரீட் போர்வை இருக்க வேண்டும். அது குறைந்தால் ஈரம் புகுந்து கம்பி துருப்பிடிக்கும். ஆனால் பலகை பிரித்துப் பூச்சுப் பூசியபின் அதை யார் அளப்பார்? இட்ட கான்கிரீட்டை ஏழு நாளேனும் ஈரம் உலராமல் காக்க வேண்டும். கோடையில் பத்து நாள் வேண்டும். நான்கரை மீட்டருக்கு மேற்பட்ட அகலமுள்ள தளத்தின் முட்டுகளைப் பதினான்கு நாள் வரை அகற்றலாகாது. கலவையின் ஒரு பகுதியைக் கட்டியாக வார்த்து, 28-ஆம் நாள் நசுக்கிப் பார்த்தே அதன் வலிமையைத் துணிய வேண்டும். ஏழு நாள் வேலையை மூன்று நாளில் முடித்தவனும், முழுதும் முடித்தவனும் சாவி கொடுக்கும் நாளில் ஒரே மாதிரித்தான் புன்னகை புரிவார்கள். வேறுபாடு பத்தாண்டு கழித்துத் தெரியும். அல்லது பூமி அசையும் ஓர் இரவில் தெரியும்.

ஆகவே நாம் தேடுவது எப்படிப்பட்ட மனிதனை? பகவான் இரண்டு பண்புகளை உலகைக் காக்கும் தருமங்கள் என்று அழைத்தார். ஒன்று ஹிரி, அதாவது தீயதைச் செய்ய உள்ளம் நாணுதல். மற்றது ஓத்தப்பம், அதாவது தீமையின் விளைவுக்கு அஞ்சுதல். கண்காணிப்பவன் இருக்கும்பொழுது நேர்மையாக இருக்க இவை தேவையில்லை. கண்காணிப்பவன் இல்லாத இடத்திலேதான் இவற்றுக்கு வேலை. வீடு கட்டும் தொழிலோ பெரும்பாலும் கண்காணிப்பவன் இல்லாத இடத்தில் நடைபெறுவது. ஆதலால் நாணமும் அச்சமும் உடைய ஒருவனைக் கண்டுபிடிப்பதே கட்டுவோனைத் தேர்வதன் சாரம்.

அப்பண்புகள் நெற்றியில் எழுதப்பட்டிருப்பதில்லை. எனினும் அடையாளங்கள் உண்டு. அவர் கட்டி முடித்து ஐந்தாறு மழைக்காலம் கண்ட வீடுகளுக்குச் சென்று, மாடியின் மூலைகளையும் குளியலறைச் சுவரின் மறுபுறத்தையும் பாருங்கள். அவ்வீட்டாரிடம் "குறை சொல்லி அழைத்தபோது வந்தாரா?" என்று கேளுங்கள். அதனினும் முக்கியமாக, அவரிடம் வேலை செய்யும் கொத்தனாரையும் சித்தாளையும் தனியே கண்டு, வாரக் கூலி தவறாமல் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். கூலியில் கைவைப்பவர் சிமெண்டில் கைவைக்க மாட்டார் என்று நம்புவது பேதைமை. "இது எனக்குத் தெரியாது, இஞ்சினியரைக் கேட்டுச் சொல்கிறேன்" என்று ஒரு முறையாவது சொல்பவரை, எல்லாம் தெரியும் என்பவரைவிட நம்பலாம். ஒவ்வொரு செலவையும் எழுத்தில் தரத் தயங்காதவரையும், அஸ்திவாரம் மூடுமுன் "வந்து பாருங்கள்" என்று தாமே அழைப்பவரையும் மதிக்கலாம்.

ஆனால் நம்பிக்கை என்பது கண்களை மூடிக்கொள்வதன்று. 2016-ஆம் ஆண்டின் நிலமனைச் சட்டம், கட்டுமானக் குறைகளை ஐந்தாண்டு வரை பில்டரே தம் செலவில் திருத்தித் தர வேண்டும் என்று விதித்தது. எனினும் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்திலோ எட்டு வீடுகளுக்கு மேற்படாமலோ கட்டுவோர்க்கு அச்சட்டம் பதிவைக் கட்டாயமாக்கவில்லை. கரோல் பாக்கின் மனைகள் பெரும்பாலும் இவ்வெல்லைக்குள் அடங்குவன. ஆகவே அந்த ஐந்தாண்டுப் பொறுப்பை உடன்படிக்கையில் நாமே எழுதிக்கொள்வது அறிவுடைமை. வீடு கட்டித் தருவதும் ஒரு சேவையே என்று உச்ச நீதிமன்றம் 1993-இல் தீர்ப்பளித்திருக்கிறது. குறை நேர்ந்தால் நுகர்வோர் மன்றத்தை அணுகவும் வழியுண்டு. தொகையை முன்கூட்டிக் கொடாமல், முடிந்த வேலைக்கேற்பப் பகுதி பகுதியாகக் கொடுப்பதும், கட்டுவோரின் சம்பளத்தில் சேராத ஓர் இஞ்சினியரைக் கொண்டு மறையும் வேலைகளைச் சோதிப்பதும் அவரை அவமதிப்பதாகா. நேர்மையாளருக்குச் சோதனை ஒரு பாதுகாப்பு.

இவ்வுண்மையை விநயம் முன்னமே அறிந்திருந்தது. வைசாலியில் ஓர் ஏழைத் தையற்காரர் சங்கத்துக்கு விகாரம் ஒன்று கட்டித்தர விரும்பினார். ஆள் வைக்கப் பணம் இல்லாமையால் தாமே மண் பிசைந்து, செங்கல் அடுக்கிச் சுவர் எழுப்பினார். தொழில் தெரியாத கையாதலால் சுவர் கோணி விழுந்தது. மும்முறை எழுப்பினார், மும்முறையும் விழுந்தது. "செல்வர் கட்டும்போது வழிகாட்டப் பிக்குகள் இருக்கிறார்கள், ஏழையாகிய எனக்கு எவரும் இல்லை" என்று அவர் மனம் நொந்து கூறினார். பகவான் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. புதுக் கட்டட வேலைக்கு மேற்பார்வையாளராக ஒரு பிக்குவைச் சங்கம் முறைப்படி நியமிக்கலாம் என்று விதி வகுத்தார். அவர் வேலையை விரைந்து முடிக்கவும் பழுதானதைச் செப்பனிடவும் கடமைப்பட்டவர். நாளடைவில் அப்பதவியும் சீர்கெட்டது. ஒரு கட்டி மண் வைத்ததற்கும் ஒரு கதவு பொருத்தியதற்குங்கூட மேற்பார்வை உரிமை கேட்டனர். ஒருவரே இரண்டு வேலைகளைப் பிடித்துக்கொண்டனர். பகவான் இவற்றையும் தடுத்தார். ஏழையின் சுவருக்கும் தகுந்த மேற்பார்வை வேண்டும். மேற்பார்வைக்கும் எல்லை வேண்டும் என்பதே இதன் கருத்து. இருபத்தைந்து நூற்றாண்டுக்கு முற்பட்ட இவ்விதி, ஒரே சமயத்தில் பத்து வேலைகளை ஏற்றுக்கொண்டு ஒன்றிலும் நிற்காத ஒப்பந்தக்காரரை நமக்கு நினைவூட்டுகிறது.

இனி நம் மூலக் கேள்விக்கு வருவோம். கட்டுவோர் சிமெண்டைக் குறைத்தார், கூலியைப் பிடித்தார், மட்டக் கம்பியை இட்டார். வீட்டுக்காரருக்கு இது தெரியாது. குற்றம் யாருடையது? களவைப் பற்றிய விநய ஆராய்ச்சி இதை நுணுக்கமாகப் பகுக்கிறது. ஒருவர் மற்றொருவரை ஏவ, அவர் ஏவியபடியே களவாடினால் இருவரும் குற்றவாளிகள். ஏவியது ஒன்று, அவர் களவாடியது வேறொன்று ஆயின், அதற்கு ஏவியவர் பொறுப்பல்லர். இதை மட்டும் படித்தால் வீட்டுக்காரர் நிம்மதியாக உறங்கலாம். ஆனால் அதே பகுதி மேலும் செல்கிறது. வாயால் ஏவவேண்டியதில்லை, கண்ணைச் சிமிட்டினாலும் புருவத்தை உயர்த்தினாலும் தலையை அசைத்தாலும், அக்குறிப்பின்படி களவு நடந்தால் அதுவும் ஏவலே என்கிறது.

நான்கு பேர் ஏறத்தாழ ஒரே தொகை சொல்கின்றனர். ஐந்தாமவர் அதில் மூன்றில் ஒரு பங்கு குறைத்துச் சொல்கிறார். செங்கலும் கம்பியும் சிமெண்டும் அவருக்கு மட்டும் மலிவாகக் கிடைப்பதில்லை. ஆகவே குறையும் பணம் எங்கிருந்தோ எடுக்கப்பட்டாக வேண்டும். ஒன்று, கலவையிலிருந்து, இன்றேல், கூலியாளின் வயிற்றிலிருந்து, இன்றேல், அரைவேலையில் நிறுத்தி மேலும் கேட்கும் தந்திரத்திலிருந்து. இதை அறிந்தும், "எப்படியோ பார்த்து முடித்துக் கொடுங்கள்" என்று நாம் சொன்னால், அச்சொல்லே கண்சிமிட்டலன்றோ? நாம் ஏவவில்லை என்று நீதிமன்றத்தில் வாதிடலாம். நம் மனத்தின்முன் வாதிட முடியாது. வினை என்பது எண்ணமே என்று பகவான் வரையறுத்தார். உண்மையில் அறியாதவனுக்கு எண்ணம் இல்லை. ஆதலால் குற்றமும் இல்லை. அறிந்துகொள்ள வாய்ப்பு இருந்தும், அறிந்தால் செலவாகுமே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவனின் நிலை அதுவன்று. அந்தத் திரும்புதலில் எண்ணம் இருக்கிறது. எனவே பொருள்களின் விலையையும் கூலியின் அளவையும் விசாரித்து, நேர்மையான வேலைக்கு என்ன செலவாகும் என்று தெரிந்துகொள்வது வீட்டுக்காரரின் சீலத்தைச் சேர்ந்த கடமை. அத்தொகை நம்மிடம் இல்லையாயின், வீட்டைச் சிறிதாக்க வேண்டும், வேலையைச் சிறிதாக்கலாகாது. பிக்கு தாமே பொருள் இரந்து கட்டும் குடிலுக்குப் பன்னிரண்டு சாண் நீளமும் ஏழு சாண் அகலமும் என எல்லை வகுத்தது விநயம். வரம்பின்றிக் கட்டிய பிக்குகள் இரந்து இரந்து ஊராரை வருத்தியதே அவ்விதிக்குக் காரணம்.

கட்டட வேலையின் உண்மையான சுமை யார் தோளில் இருக்கிறது என்பதையும் மறக்கலாகாது. சிகாலகனுக்கு உரைத்த உபதேசத்தில் வேலையாட்களைக் கீழ்த்திசையாக வைத்து வணங்கச் சொன்னார் பகவான். அவரவர் வலிமைக்கேற்ற வேலை தருதல், உணவும் கூலியும் தருதல், நோயில் பேணுதல், சுவையான பண்டம் கிடைத்தால் பகிர்தல், தக்க வேளையில் ஓய்வு விடுதல் ஆகிய ஐந்தும் எசமானன் கடமை. "அவர்கள் காண்டிராக்டரின் ஆட்கள், என்னுடையவர்கள் அல்லர்" என்பது போதிய விடையன்று. அவர்கள் கட்டுவது நம் வீட்டை. ஆகையால் உடன்படிக்கையிலேயே குடிநீர், நிழல், கழிப்பிடம், தலைக்கவசம், உயரத்தில் நிற்போர்க்கு உறுதியான சாரம், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலி, சிறுவர்க்கு வேலையில்லை என்பனவற்றை எழுத வேண்டும். கட்டடத் தொழிலாளர் நலத்துக்கெனக் கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒன்றுக்குக் குறையாத தீர்வையை 1996-ஆம் ஆண்டிலேயே நாடாளுமன்றம் விதித்தது. சட்டம் கேட்காத சிறு வீட்டிலும் அறம் அதைக் கேட்கும்.

கழிவுநீர்க் குழாயைப் பற்றி ஒரு சொல். அதன் சரிவும் திறப்புத் தொட்டிகளும் ஒழுங்காக அமைந்தால், அடைப்பை மேலிருந்தே கருவியால் நீக்கலாம். அலட்சியமாக அமைந்தால், ஒருநாள் ஒரு மனிதனை அதில் இறக்க நேரும். பாதுகாப்பின்றி மனிதனைச் சாக்கடையில் இறக்குவதை 2013-ஆம் ஆண்டின் சட்டம் குற்றமாக்கியது. அவ்வாறு மாண்டவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் ஆணையிட்டது. இறங்குபவர் எவர் பிள்ளையாக இருப்பார் என்பதை நம்மவர்க்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

சாதி, சடங்கு என்னும் இரண்டையும் கூற வேண்டும். பூமி பூசைக்குப் புரோகிதர் வேண்டும் என்றும், வாஸ்துவுக்காக அடுப்பங்கரையை மாற்ற வேண்டும் என்றும் வற்புறுத்தும் ஒப்பந்தக்காரர்கள் உண்டு. மனைநூல் பார்த்துப் பலன் சொல்வதைப் பிக்குகள் விலக்கத்தக்க இழிந்த வித்தைகளுள் ஒன்றாகப் பிரம்மஜால சுத்தம் எண்ணுகிறது. புரோகிதரைக் கொண்டு சடங்கு செய்வதில்லை என்பது பாபாசாகேப் நாகபுரியில் அளித்த 22 உறுதிமொழிகளுள் அடங்கியது. காற்றும் ஒளியும் எத்திசையில் வரும் என்பதை ஆராய்வது அறிவு. திசைக்கு அஞ்சுவது அறிவன்று.

மறுபுறம், "நம் சமூகத்தவர், நம் சங்கத்தவர்" என்பதற்காகவே வேலையைக் கொடுக்கலாமா? நம்மவரில் தேர்ந்த கொத்தர்களும் இஞ்சினியர்களும் உள்ளனர். அவர்களுக்குப் பிறர் வாயில் திறவாத இடத்தில், நாம் முதலில் கேட்பது நியாயமே. ஆனால் கேட்டபின் அளவுகோல் ஒன்றாகவே இருக்க வேண்டும். தெரிந்தவர் என்று உடன்படிக்கை எழுதாமல் விட்டு, பின்னர் பேச்சு முறிந்து, விகாரத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் அமர்வது எவருக்கும் நலமன்று. வேலையின் தகுதியை வேலையால் அளப்பதே சாதியை மறுத்தவர்க்கு அழகு. மணிமேகலைக் காப்பியம் சோழ மன்னனின் எழில் மண்டபத்தை வருணிக்கும்போது, தமிழ் வினைஞரோடு மகத நாட்டாரும் மராட்டியரும் அவந்தி நாட்டாரும் யவனரும் கூடி அதை அமைத்ததாகக் கூறுகிறது. அவர்களுடைய கைத்திறனையே புலவர் போற்றுகிறார். பிறப்பைப் பற்றிப் பேசவில்லை. இன்று கரோல் பாக்கில் சாரத்தின்மேல் நிற்போர் பலர் பீகாரிலிருந்து, அதாவது அந்தப் பழைய மகதத்திலிருந்து வந்தவர்களே.

இறுதியாக ஒன்று. மறைவிலும் நேர்மையாக இருக்கும் ஒருவரை நாம் தேடுகிறோம். அவ்வாறு தேடுவோர் தாமும் மறைவில் நேர்மையாக இருக்க வேண்டாமா? அனுமதித்த அளவுக்கு மேல் ஓர் அறையைத் தள்ளிக் கட்டிவிட்டு, அதிகாரியின் கண்ணை மூடுவதற்குப் பணத்தை அந்த ஒப்பந்தக்காரர் மூலமாகவே கொடுத்தனுப்பினால், அவரிடம் நாம் என்ன கற்பிக்கிறோம்? காகிதத்தில் ஒன்றும் மண்ணில் ஒன்றும் இருக்கலாம் என்று கற்பிக்கிறோம். அப்பாடத்தை நன்கு கற்றுக்கொண்ட அவர், மறுநாள் நம் தூணிலே அதை நடத்திக் காட்டுவார். அப்பொழுது அவரைக் கடிந்துகொள்ள நமக்கு வாய் இராது. பக்கத்து வீட்டுச் சுவரைத் தாங்காமல் நம் அஸ்திவாரத்தைத் தோண்டச் சொல்வதும், தெருவின் காற்றை அடைத்து மாடத்தை நீட்டுவதும் இவ்வகையினவே. நல்ல கட்டுநரைப் பெறும் முதல் தகுதி, நல்ல கட்டுவிப்போராக இருத்தல்.

அநாதபிண்டிகருக்கு உரைத்த நான்கு சுகங்களைப் பொருள் உடைமை, பொருள் துய்த்தல், கடனின்மை, குற்றமின்மை என மேலே கண்டோம். வீடு முதலாவதைத் தரும்; அதில் வாழ்வது இரண்டாவதைத் தரும்; அளவறிந்து கட்டினால் மூன்றாவதும் கெடாது. நான்காவதைக் காண்டிராக்டர் சாவியோடு சேர்த்துத் தரமாட்டார். அது, தொகை பேசும் நாளில் நாம் எதைக் கேட்டோம், எதைக் கேளாமல் விட்டோம் என்பதைப் பொறுத்தது. நேர்மையான விலை கொடுத்து, கூலியாள் வயிறு நிறைந்து, மறைந்த இடங்களும் செம்மையாக அமைந்து எழும் வீடு இரண்டே அறை உடையதாயினும், அதில் உறங்குபவர் அச்சமின்றி உறங்குவார். நம் அன்பர்கள் அத்தகைய இல்லங்களைக் கட்டுவிப்பாராக; அவற்றைக் கட்டிய கைகளும் நலம் பெறுவனவாக.